லாரியில் வராத கூட்டம்

நவம்பர் 3, திங்கள். லண்டன்

இந்தப் பயணத்தில் யாரோ யாரையோ ஏமாற்றுகிறார்கள். யார், யாரை என்று இன்னும் பிடிபடவில்லை. அதற்குத்தான் இந்த நோட்டு.

முதல் பக்கத்தில் பெயருக்கு இடம் விட்டிருந்தது. எழுதிவிட்டேன்: சங்கரவடிவு, மொழிபெயர்ப்பாளர், டோக்கியோ. பிறந்த ஊர் தென்காசி. பதினைந்து வருஷமாகக் கார் பாகங்கள் செய்கிற தொழிற்சாலைகளில் இங்கிலீஷ்காரனுக்கும் ஜப்பான்காரனுக்கும் நடுவில் உட்கார்ந்து பேசிப் பிழைக்கிறேன். பாட்டுக்காரரோடு ஊர் சுற்றுவது இதுதான் முதல் தடவை.

பாடகியின் பெயர் சிஹாரு. வயது முப்பத்திரண்டு. ஒரு காலத்தில் டோக்கியோ ரயில் நிலையங்களில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் முகம்தான். இப்போது அந்த முகம் இருந்த இடத்தில் பதினெட்டு வயதுப் பெண்கள் ஒன்பது பேர் நிற்கிறார்கள். கம்பெனி இவருக்குக் கடைசியாக ஒரு வழி விட்டிருக்கிறது. பிரிட்டனில் ஐந்து ஊர், ஐந்து கச்சேரி. வெள்ளைக்காரர்கள் ஏற்றுக்கொண்டால் வெளிநாட்டுக்கென்றே தனி ஆல்பம், அடுத்த வருஷமும் பயணம். இல்லையென்றால் ஊர் திரும்பி அந்த ஒன்பது பேருக்கும் பாட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும். முடிவைச் சொல்ல வேண்டியது சிஹாருவேதான். "எடுபட்டதா இல்லையா என்பது பாடுகிறவருக்குத்தான் தெரியும்" என்று முதலாளி சொன்னாராம். கேட்கப் பெருந்தன்மையாக இருக்கிறது. தோற்றுப்போனால் அதை அவர் வாயாலேயே சொல்ல வைக்கிற ஏற்பாடு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மேனேஜர் பெயர் குரோகாவா. ஐம்பது தாண்டியவர். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருக்கிறார். விமான நிலைய வாசலில் நான் நடுங்குவதைப் பார்த்துவிட்டுக் கோட்டுப் பையிலிருந்து ஒரு வெள்ளைப் பொட்டலம் எடுத்து நீட்டினார். குலுக்கினால் சூடாகிற பொட்டலம். குளிர்காலத்தில் ஜப்பானில் எல்லார் பையிலும் இருக்கும். இவர் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருக்கிறார். முதல் நாளே இவ்வளவு கரிசனம் எதற்கு என்று யோசித்துக்கொண்டே கையைச் சூடாக்கிக்கொண்டேன்.

நவம்பர் 4, செவ்வாய். கிளாஸ்கோ போகும் வழி

வேன் டிரைவர் தமிழர். பரராஜசிங்கம், யாழ்ப்பாணம். லண்டனுக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறதாம். நான் தமிழச்சி என்று தெரிந்ததும் முன்சீட்டில் உட்கார வைத்துவிட்டார். பின்னால் சிஹாருவும் குரோகாவாவும் தூங்கிக்கொண்டு வந்தார்கள்.

"என்ன தங்கச்சி, யப்பான்காரியின்ர பாட்டை வெள்ளைக்காரன் கேப்பானோ?"

"கேக்க மாட்டாம்ணே. சுஷி திம்பான், கார்ட்டூன் பாப்பான். பாட்டுன்னா அவன் பாஷையிலதான் வேணும் அவனுக்கு."

"அப்ப நாங்கள் சின்னனில இங்கிலீஷ் பாட்டுக் கேட்டது விளங்கியே கேட்டனாங்கள்?"

அது வேறு கதை என்றேன். எப்படி வேறு என்று கேட்டார். ரேடியோவைச் சத்தமாக வைக்கச் சொன்னேன்.

சாயங்காலம் ஓட்டலில் வாக்குவாதம். கச்சேரிகளை ஏற்பாடு செய்கிற பெவர்லி என்ற அம்மாள் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார். பத்துப் பாட்டில் ஆறு இங்கிலீஷில் இருக்க வேண்டும் என்று குரோகாவா. ஒன்றுகூட வேண்டாம், எல்லாம் ஜப்பான் மொழியிலேயே இருக்கட்டும் என்று பெவர்லி. "அந்த இங்கிலீஷ் பாட்டுகள் பல் டாக்டர் வீட்டு வரவேற்பறையில் ஓடுகிற பாட்டு மாதிரி இருக்கின்றன" என்றார். நான் அதை, "இங்கிலீஷ் பாட்டுகள் மனத்துக்கு இதமாக இருப்பதாகச் சொல்கிறார்" என்று ஜப்பான் மொழியில் சொன்னேன். குரோகாவா மகிழ்ந்து தலை குனிந்தார். பதினைந்து வருஷமாக எத்தனை சண்டையை இப்படி அணைத்திருக்கிறேன். யாரும் நன்றி சொன்னதில்லை.

ஆளுக்குப் பாதி என்று முடிந்தது.

நவம்பர் 6, வியாழன். கிளாஸ்கோ

நேற்று முதல் கச்சேரி. எண்ணூறு பேர் கொள்ளும் அரங்கம், நிறைந்துவிட்டது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு மட்டும் சந்தேகம் வந்தது.

ஏன் என்று எழுதிவிடுகிறேன். இங்கிலீஷ் பாட்டுகளுக்குச் சும்மா கைதட்டினார்கள். அது சரி. ஜப்பான் பாட்டு ஆரம்பித்ததும் முன்வரிசை ஆட்கள் பல்லவியைக் கூடவே பாடினார்கள். கிளாஸ்கோவில் பிறந்து வளர்ந்த சிவப்புத்தலைப் பெண் ஒருத்தி ஒரு எழுத்துப் பிசகாமல் பாடுகிறாள். மெதுவான பாட்டு வந்ததும் எண்ணூறு பேரும் மூச்சு விடாமல் இருந்தார்கள். கடைசி ஒலி அடங்கி, ஒரு நொடி விட்டு, அப்புறம்தான் கைதட்டல். அப்படி அடங்கிக் கேட்பது ஜப்பான் கூட்டத்தின் பழக்கம். வெள்ளைக்காரன் நடுப்பாட்டில் விசில் அடிப்பவன். இவர்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு இது தெரியும். என் அப்பாவுக்குத் தொழிலே ஆள் பிடிப்பதுதான். தென்காசி வட்டாரத்தில் எந்தக் கட்சிக்குக் கூட்டம் என்றாலும் லாரியில் ஆள் ஏற்றி அனுப்புகிறவர் அவர். எட்டு வயதில் நானும் முன்சீட்டில் போயிருக்கிறேன். எந்தப் பேருக்கு வாழ்க, எந்தப் பேருக்கு ஒழிக, எப்போது கைதட்ட வேண்டும் என்று ஏறும்போதே பாடம் நடக்கும். சோற்றுப் பொட்டலம் கூட்டம் முடிந்த பிறகுதான் கைக்கு வரும். பள்ளிக்கூடத்தில் என்னை 'லாரி வடிவு' என்பார்கள். அதனால் ஒரு கூட்டத்தைப் பார்த்தால் வந்த கூட்டமா, கூட்டி வந்த கூட்டமா என்று சொல்லிவிடுவேன்.

காலைச் சாப்பாட்டின்போது சிஹாரு கேட்டார், "கடிதம் ஏதாவது வந்ததா?" ரசிகர்கள் தருவதை வாங்கிப் படித்து ஜப்பான் மொழியில் சொல்வதும் என் வேலைதான். அரங்க வாசலில் சிஹாரு படம் போட்ட பனியன் விற்கிற மேசையிலிருந்த பெண் நேற்று ஒரு பை கொடுத்திருந்தாள். நான் இன்னும் திறக்கவில்லை. முட்டை வேறு ஆறிக்கொண்டிருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அதே நாள், மதியம்

பையைத் திறந்தேன். ஒன்பது கடிதம். எல்லாம் ஒரே வெண்ணெய் நிறக் காகிதம். எல்லாம் இங்கிலீஷில், கையால் எழுதியது. ஒன்பதும் ஒரே மாதிரி ஆரம்பிக்கின்றன: இலைகள் உதிர்கின்றன, காற்று குளிர்ந்துவிட்டது, தாங்கள் நலமாக இருக்கிறீர்களா? எந்த வெள்ளைக்காரன் பாட்டுக்காரிக்கு இலை உதிர்வதைப் பற்றி எழுதுவான்?

அப்பா காலத்தில் கலெக்டருக்கு மனு கொடுப்பார்கள். நூறு மனு, நூறு கைநாட்டு, எழுதினது ஒரே ஆள். அதே கதைதான் இங்கேயும். கையெழுத்து மட்டும் வேறு வேறாக வைத்திருக்கிறார்கள்.

காலையில் இல்லை என்று சொன்னது நல்லதாகப் போயிற்று. பொய்க் கடிதத்தைப் படித்துக் காட்டி ஒருத்தியை ஏமாற்றுவதற்கு நான் உடந்தையாக முடியாது. பையை என் பெட்டியில் ஸ்வெட்டருக்கு அடியில் வைத்தேன்.

நவம்பர் 8, சனி. மான்செஸ்டர்

நேற்று இரண்டாவது கச்சேரி. அதே முகங்கள்! கிளாஸ்கோவில் பாடிய சிவப்புத்தலைக்காரி இங்கேயும் முன்வரிசையில். பச்சை மப்ளர் போட்ட வழுக்கைத்தலைக்காரர் ஒருவர், அவரும். குறைந்தது இருபது பேரை அடையாளம் கண்டேன். ஒரே ஆட்களை ஊர் ஊராக ஏற்றி இறக்குகிறார்கள். அப்பாவும் செலவைக் குறைக்க அப்படித்தான் செய்வார். காலையில் கடையநல்லூர், சாயங்காலம் சங்கரன்கோவில்.

இதைவிடப் பெரியது ஒன்று. கச்சேரிக்கு முன்னால் அரங்கத்துப் பின்வாசலில் குரோகாவா அந்தப் பச்சை மப்ளர்க்காரரோடு நிற்பதைப் பார்த்தேன். இரண்டு பேரும் பேசவில்லை. குரோகாவா கோட்டுப் பையிலிருந்து வெள்ளையாக ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார். அவர் அதைச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் மாறி மாறித் தலை குனிந்தார்கள்.

கவர். வேறென்ன?

இன்று முழுக்க மேடை உடுப்பைக் கையால் துவைத்துக் குளியலறையில் காயப்போட்டேன். மணி தைத்த பாவாடை, மெஷினில் போடக்கூடாது. சிஹாருவே வந்து கூட நின்று பிழிந்தார். பாவம், நல்ல பெண். பேச்சுவாக்கில் சொன்னார், "ஜப்பானில் வந்த ஒவ்வொரு கடிதத்தையும் வைத்திருக்கிறேன். கைதட்டல் மரியாதைக்கும் வரும். உட்கார்ந்து, காகிதம் எடுத்து, மரியாதைக்காக யாரும் எழுத மாட்டார்கள். இங்கே நான் எடுபட்டேனா என்று எனக்குச் சொல்லப்போவது கடிதம்தான். இன்றைக்கு ஏதாவது?"

பதினோரு கடிதம் வந்திருந்தது. எல்லாவற்றிலும் இலை உதிர்ந்திருந்தது.

"இல்லை" என்றேன். பாவாடையை உதறுவது மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு. பர்மிங்ஹாம்

அப்பாவுக்குப் போன் போட்டேன். தொழிலை விட்டு வருஷக்கணக்காயிற்று, ஆனாலும் பேச்செடுத்தால் உற்சாகம் வந்துவிடும்.

"எப்பா, ஒரு கூட்டத்தப் பாத்ததும் அது கூட்டியாந்த கூட்டம்னு எப்படிப்பா கண்டுபிடிக்க?"

"யார்ட்ட வந்து என்ன கேக்கா பாரு! ரெண்டே விஷயந்தாம்மா. கூட்டியாந்த ஆளு சீக்கிரம் வர மாட்டான். லாரி எப்பம் எடுக்கமோ அப்பம்தான் வருவான். இன்னொண்ணு, அவன் கண்ணப் பாக்கணும். கண்ணு மேடையில இருக்காது. லாரி எங்கன நிக்குன்னுதான் பாத்துக்கிட்டே இருப்பான். அதெதுக்கு ஒனக்கு இப்பம்? கட்சி கிட்சி ஆரம்பிக்கப் போறியா?"

"ஒண்ணுமில்லப்பா, இந்த ஜப்பான்காரி கச்சேரிக்கு வார கூட்டத்தப் பாத்து ஒரு சந்தேகம். சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டாச்சு. இப்பம்லாம் எவன் லாரி கேக்கான்? போன்லயே கூட்டத்தக் காட்டிருதான்."

நவம்பர் 10, திங்கள். பர்மிங்ஹாம்

காலையிலிருந்து மழை. கச்சேரி சாயங்காலம் ஏழு மணிக்கு. பத்து மணிக்குச் சாமான் இறக்கப் போனபோதே பச்சை மப்ளர்க்காரர் வாசலில் குடையோடு நின்றார். கூடவே ஆறேழு பேர்.

அப்பா சொன்ன முதல் கணக்கு இங்கே உதைக்கிறது. ஒன்பது மணி நேரம் முன்னால் வருகிறார்கள். இந்த நாட்டில் மணிக்கணக்கில் கூலி என்பதால் இருக்கலாம்.

பரராஜசிங்கம் அண்ணன் வேனை நிறுத்திவிட்டு அவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"யாருண்ணே அவரு?"

"அவரோ? நல்ல மனுசன். லீட்ஸில தபால்காரர். பேர் கிரெய்க். வருசம் முழுக்கச் சேர்த்த லீவை இதுக்கெண்டு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். மனிசி செத்த நேரம் இவவின்ர பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தவராம்."

"அப்படிச் சொல்லச் சொல்லிருப்பாங்க."

"ஆர் சொல்லச் சொல்லினம்?"

"அத நீங்கதாண்ணே சொல்லணும். அவங்ககூட என்ன அவ்வளவு சிரிப்பு?"

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தங்கச்சி, உங்கட சந்தேகத்தை எல்லாம் ஏத்த இந்த வான் காணாது. நான் லொறிதான் எடுக்கவேணும்."

அவருக்கு எப்படி லாரி என்ற வார்த்தை வாயில் வந்தது? நான் என் அப்பாவைப் பற்றி இவரிடம் சொல்லவே இல்லை.

நவம்பர் 11, செவ்வாய்

பதினான்கு கடிதம். பை கொள்ளவில்லை. பிளாஸ்டிக் உறைக்கு மாற்றினேன்.

ஒன்றே ஒன்றை முழுவதும் படித்தேன். அந்தத் தபால்காரருடையதுதான். மனைவியின் மருத்துவமனை அறை, ஜன்னல், பாட்டின் அர்த்தம் புரியாமல் இரண்டு பேரும் ஆளுக்கொரு அர்த்தம் வைத்துக்கொண்டது, மனைவி இறந்த பிறகு உண்மையான அர்த்தத்தைத் தேடிப் பார்த்தபோது இரண்டு பேருடையதும் தப்பாக இருந்தது, இரண்டும் அதைவிட நன்றாக இருந்தது என்று. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவன் கெட்டிக்காரன்.

கண் எரிகிறது. ஓட்டல் ஹீட்டரிலிருந்து வருவது ரொம்பக் காய்ந்த காற்று.

நவம்பர் 13, வியாழன். பிரிஸ்டல்

இன்று சிஹாரு கேட்கவில்லை. நிம்மதி.

நவம்பர் 14, வெள்ளி. லண்டன்

நேற்றிலிருந்து சிஹாரு அதிகம் பேசுவதில்லை. தேன் கலந்த வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டார், "நீங்கள் பக்கவாட்டில் நின்று அவர்கள் முகத்தைப் பார்க்கிறீர்கள். எனக்கு விளக்கு கண்ணில் அடிக்கிறது, ஒன்றும் தெரிவதில்லை. எப்படிப்பட்டவர்கள் அவர்கள்?"

உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. கூலிக்கு வந்தவர்கள் என்று எப்படிச் சொல்வது? ஒரு நல்ல வார்த்தை தேடினேன்.

"ரொம்ப மரியாதையானவர்கள்" என்றேன்.

"அப்படித்தான் நினைத்தேன்" என்று சொல்லிவிட்டு வெந்நீரைக் கீழே வைத்தார்.

பிரிஸ்டலில் வந்த பதின்மூன்றையும் சேர்த்து நாற்பத்தேழு ஆகிவிட்டது. பெட்டியைப் பூட்ட மேலே ஏறி உட்கார வேண்டியிருக்கிறது.

நவம்பர் 15, சனி. லண்டன்

நடந்ததை நடந்தபடி எழுதப் போகிறேன். 

மதியம் இரண்டு மணிக்கு அரங்கத்தின் உடை மாற்றும் அறைக்கு பெவர்லி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. வசந்த காலத்துக்கு இதைவிடப் பெரிய அரங்கங்கள் எட்டைத் தன் பேரில் பிடித்து வைத்திருப்பதாகவும், இன்று மூன்று மணிக்குள் உறுதி சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். "சரி என்று மட்டும் சொல்லுங்கள்."

சிஹாரு எழுந்து நின்றார். இடுப்பு வரை குனிந்தார். "உங்கள் அன்புக்கு நன்றி. எனக்குப் போதிய திறமை இல்லை. இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்." அதை நான் இங்கிலீஷில் சொன்னேன். பெவர்லி நம்பவில்லை, இன்னொரு தடவை கேட்கச் சொன்னார். கேட்டேன். அதே பதில். குரோகாவா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. திட்டம் போட்டவன் திட்டம் முடியும்போது எதற்கு அழ வேண்டும் என்று அப்போதுதான் முதல் தடவையாக எனக்கு உறுத்தியது.

பெவர்லி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நானும் எழுந்து வாசலுக்கு வந்தேன்.

வரிசை தெருமுனை தாண்டி நின்றது. முதல் ஆள் பச்சை மப்ளர். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"நீங்கள்தானே அவருடைய மொழிபெயர்ப்பாளர்? ஒன்றே ஒன்று கேட்கலாமா? எங்கள் கடிதங்கள் கையில் கிடைத்தனவா? பதில் எதிர்பார்க்கவில்லை. ஆரம்பம் சரியாக இருந்ததா என்றுதான். ஜப்பானில் கடிதம் எழுதினால் முதலில் பருவத்தைச் சொல்லி, நலம் விசாரித்து, அப்புறம்தான் விஷயத்துக்கு வர வேண்டும் என்று நூலகத்துப் புத்தகத்தில் படித்தோம். எல்லாருக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன், காகிதமும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். இலை உதிர்வது சரியா? நவம்பர் பாதி ஆகிவிட்டால் உறைபனி என்றுதான் எழுத வேண்டும் என்று அந்தச் சிவப்புத்தலைப் பெண் என்னோடு சண்டை."



பதினைந்து வருஷமாக நான் மொழிபெயர்த்த ஒவ்வொரு ஜப்பான் கடிதமும் அப்படித்தான் ஆரம்பிக்கும். பிரேக் ஒயர் பழுது என்று புகார் எழுதுகிற தொழிற்சாலைக்காரன்கூட முதல் வரியில் செர்ரிப் பூ பூத்துவிட்டது என்று எழுதுவான். அந்த வரியைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். அதே வரி இங்கிலீஷில், வெள்ளைக்காரன் கையெழுத்தில் வந்தபோது எனக்கு மனுதான் தெரிந்தது, லாரிதான் தெரிந்தது. அவர் நூலகத்தில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டதை, அதைச் சோறாகத் தின்கிற நான் தெரிந்துகொள்ளவில்லை.

"இன்னொன்று" என்றார் அவர். பையிலிருந்து எதையோ எடுத்துக் காட்டினார். கசங்கிப்போன வெள்ளைப் பொட்டலம். குலுக்கினால் சூடாகிற பொட்டலம். "உங்கள் மேனேஜர் மான்செஸ்டரில் கொடுத்தார். நான் காலையிலிருந்து நிற்பதைப் பார்த்திருக்கிறார். நன்றி சொல்ல எனக்கு மொழி தெரியவில்லை. நீங்கள் சொல்லிவிடுகிறீர்களா?"

நான் ஓடினேன். வேன் பின்பக்கம் நின்றது. பெட்டிகள் அடியில் இருந்தன. பரராஜசிங்கம் அண்ணன் ஒன்றும் கேட்காமல் மேலே இருந்ததை எல்லாம் தூக்கித் தரையில் வைத்தார். நான் உறையை இழுத்து எடுத்தபோது வெண்ணெய் நிறக் காகிதங்கள் அவர் காலடியில் சிதறின.

"என்ன பிள்ளை இது?"

"கடுதாசிண்ணே. எல்லாம் நெசமான கடுதாசி. நாந்தான் ஒளிச்சு வச்சேன்."

அவர் திட்டவில்லை. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் கையில் வைத்தார். "ஓடுங்கோ" என்றார்.

சிஹாரு கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தார். நான் தரையில் மண்டியிட்டுக் கடிதங்களை அவர் முன் வைத்தேன். "கிளாஸ்கோவிலிருந்தே வருகின்றன. நான்தான் இல்லை என்றேன். கூலிக்கு எழுதினவை என்று நினைத்தேன்." குரோகாவா சுவரில் சாய்ந்துவிட்டார்.

சிஹாரு மேலே இருந்ததை எடுத்தார். அவருக்குப் பள்ளிக்கூட இங்கிலீஷ்தான். விரலை வைத்து முதல் வரியை மெதுவாகப் படித்தார். இலைகள். உதிர்கின்றன. காற்று. குளிர்ந்துவிட்டது. அடுத்த கடிதம். அதற்கடுத்தது. நான் ஒன்றும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"பருவ வணக்கம்" என்றார். "இவர்கள் எனக்குப் பருவ வணக்கம் எழுதியிருக்கிறார்கள்." சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பெவர்லியைக் கூப்பிடுங்கள். நான் சொல்வதை ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் சொல்லுங்கள்."

பெவர்லி வந்தார். சிஹாரு சொன்னார். நான் சொன்னேன்:

"என் மொழிபெயர்ப்பாளர் உங்கள் ஊர் மக்கள் எனக்கு எழுதிய கடிதங்களைப் பத்து நாளாக ஒளித்து வைத்திருந்தார். நான் கேட்டபோதெல்லாம் இல்லை என்று பொய் சொன்னார். அதனால் நான் இரண்டு மணிக்குச் சொன்னது ஒன்றும் தெரியாமல் சொன்னது. தயவுசெய்து மறுபடி சொல்ல அனுமதியுங்கள்."

பெவர்லி என்னையே பார்த்தார். "மொழிபெயர்ப்பாளர் என்றால், நீங்கள்தானே?"

அந்தக் கேள்வியையும் ஜப்பான் மொழியில் சொன்னேன். "ஆமாம், அவர்தான்" என்றார் சிஹாரு. அதையும் இங்கிலீஷில் சொன்னேன். பொய் என்ற வார்த்தைக்கு இதமான வார்த்தை நாலைந்து எனக்குத் தெரியும். ஒன்றையும் எடுக்கவில்லை.

பெவர்லி நாற்காலியில் உட்கார்ந்தார். அரங்கங்களை விட்டுக் கொடுத்துவிட்டாராம். எட்டும் வேறொரு குழுவுக்குப் போய்விட்டன, திரும்பக் கேட்க முடியாது. என்னால் போனவை.  அப்புறம் பெவர்லி, "அக்டோபரில் சின்ன அரங்கங்கள் கிடைக்கலாம். எல்லாம் ஜப்பான் பாட்டு என்றால். அந்த இங்கிலீஷ் பாட்டுகள் பல் டாக்டர் வீட்டில் ஓடுகிற பாட்டு மாதிரி இருக்கின்றன, முதல் நாளே சொன்னேன்" என்றார்.

இந்தத் தடவை பல் டாக்டரை விடாமல் சொன்னேன். குரோகாவாவின் வாய் திறந்து மூடியது. சிஹாரு சத்தமாகச் சிரித்துவிட்டார்.

"சின்ன அரங்கம் போதும்" என்றார். "முதலாளியிடம் நானே சொல்கிறேன். எடுபட்டது என்று."

குரோகாவாவிடம் தபால்காரரின் நன்றியைச் சொன்னேன். தலை குனிந்து வாங்கிக்கொண்டார். பிறகு ரொம்பப் பணிவாக, இன்று நான் மேடைப்பக்கம் நிற்க வேண்டியதில்லை என்றார். டோக்கியோ திரும்பியதும் வேறு ஆள் பார்ப்பார்கள். சரி என்றேன். வேறென்ன சொல்ல?

கச்சேரியைக் கூட்டத்தோடு நின்று பார்த்தேன். தபால்காரர் தன் பக்கத்தில் இடம் விட்டார். மெதுவான பாட்டு வந்தது. அப்பா சொன்ன இரண்டாவது கணக்கு ஞாபகம் வந்து சுற்றிலும் கண்களைப் பார்த்தேன். ஆயிரத்து இருநூறு பேர், அத்தனை கண்ணும் மேடையில் இருந்தன. என் கண் மட்டும் வேன் நிற்கிற வாசல் பக்கம் போய்ப் போய் வந்தது.

அந்த அரங்கத்தில் காசு வாங்கிக்கொண்டு வந்து நின்ற ஆள் நான் ஒருத்திதான்.

டிசம்பர் 12, வெள்ளி. டோக்கியோ

குரோகாவா ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறார். நாற்பத்தேழு பதில்கள், சிஹாரு ஜப்பான் மொழியில் கையால் எழுதியவை. நான்தான் அவற்றை இங்கிலீஷில் மொழிபெயர்த்து எழுத வேண்டும் என்று சிஹாரு சொன்னாராம். அச்சடிக்கக் கூடாது, கையால் எழுத வேண்டும். கூலி எவ்வளவு என்று குரோகாவா கேட்டிருந்தார். வேண்டாம் என்று பதில் போட்டேன்.

எல்லாமே பருவத்தில் ஆரம்பிக்கின்றன. ஆனால் ஒன்று போல் ஒன்று இல்லை. ஒன்றில் முதல் பனி, ஒன்றில் ஜன்னலில் வந்து நின்ற சிட்டுக்குருவி, ஒன்றில் சந்தையில் ஆரஞ்சு வந்துவிட்டது. முடிவு மட்டும் எல்லாவற்றிலும் ஒரே வரி: "பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். உங்கள் கடிதத்தை என் மொழிபெயர்ப்பாளர் ஒளித்து வைத்திருந்தார்."

நான்கு நாளாக எழுதுகிறேன். அந்த வரியை இன்றோடு நாற்பத்தாறு தடவை எழுதியாயிற்று. விரல் வீங்கிவிட்டது. முதல் பத்துத் தடவை அவமானமாக இருந்தது, அப்புறம் கோபம் வந்தது, முப்பதுக்கு மேல் அது வெறும் உண்மையாக ஆகிவிட்டது.

நடுவில் அப்பா போன் செய்தார். "என்னம்மா, அந்த ஜப்பான்காரி கூட்டம் என்ன ஆச்சு? கூட்டியாந்ததா, தானா வந்ததா?"

"தானா வந்ததுதாம்ப்பா."

"அப்படியா!" என்றார். அவர் குரலில் இருந்தது பொறாமை என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. "அவ்வளவு பேருமா?"

"அவ்வளவு பேரும்."

கடைசிக் கடிதம் லீட்ஸ் தபால்காரருக்கு. அந்த வரிக்குக் கீழே என் பேரையும் ஊரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காலையில் தபால் நிலையம் திறந்ததும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.